மூன்று மைக்ரான்

யோயென்சு. பிப்ரவரி, காலை ஆறரை.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே நான் மெழுகுக் கட்டியைப்
பனிக்கட்டி மேல் கவிழ்த்து வைக்கிறேன்,
கத்திக்குப் பதமாக.

கட்டிக்குள் ஒரு வளையம்,
சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.
ஐம்பத்து மூன்று வயது ஆணின் இதயத் தமனி.
சுண்ணாம்பு பாய்ந்திருந்தது;
இரண்டு நாள் அமிலத்தில் ஊறிய பிறகுதான் இளகியது.
பெயர் எனக்குத் தேவையில்லை, எண் போதும்.
ஆனால் சின்ன ஊர்.
எங்கள் தெருவில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர்
தௌனோ பீரொய்னென்.
விடிகாலை மூன்று மணிக்கு அவர் விளக்கு
என் உட்கூரையில் மஞ்சளாய்ச் சுற்றும்.
திட்டிக்கொண்டே திரும்பிப் படுப்பேன்.

சீவல் வெந்நீரில் மிதக்கிறது.
கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றி,
லென்ஸுக்கு அடியில் வைக்கிறேன்.

கொழுப்பு அடைத்துக்கொண்டது என்பார்கள்,
சாக்கடைக் குழாயைச் சொல்வதுபோல்.
இங்கே குழாய் இல்லை.
கூட்டம் இருக்கிறது.

ரத்தத்தோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளணுக்கள்
சுவருக்குள் ஏதோ கெட்டுக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டு
உடம்பை ஒடுக்கி இடுக்கில் நுழைந்தவை.
ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை.
தின்றன. தின்றன.
வயிறு நுரைத்து,
வந்த வழியில் திரும்ப முடியாத அளவுக்குத் தின்று
அங்கேயே செத்தன.
சாகும்முன் குரல் கொடுத்தன, இன்னும் ஆள் வேண்டும் என்று.
ஆள் வந்தது.

அந்த வயிறுகளைக்கூட நான் காண்பதில்லை.
ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும்.
மிஞ்சுவது வெள்ளை ஓட்டைகள்,
படிகங்கள் கிடந்த இடத்தில்
ஊசி ஊசியாய் வெறுமை.
இல்லாததைக் காட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

டாக்டர் இமொனென் குனிந்து பார்த்தார்.
"பாதிகூட அடையவில்லை."
பிறகு பேனா முனையால் திரையில் ஓர் ஓரத்தைத் தொட்டார்:
மூடியிருந்த தோல் அங்கே மெலிந்து,
உள்ளிருந்தவை அரித்து அரித்து,
ஒரு மயிரிழை கிழிசல்.
கிழிசலில் உறைந்த ரத்தம்.
அவ்வளவுதான்.

அழற்சி என்று குறித்தேன்.
எங்கள் மொழியிலும்
அந்தச் சொல்லுக்குள் தீ இருக்கிறது.

சாயங்காலம் கடைக்கு நடந்தேன்.
புதிய ஓட்டுநர் பனியை இரு கரையிலும் குவித்துக் குவித்து
தெரு ஒரு கார் போகும் அகலத்துக்கு வந்துவிட்டது.
வழி விடத்தான் அள்ளுகிறான், பாவம்.
ஏப்ரலில் இதெல்லாம் உருகி ஓடிவிடும்.
தமனிக்குள் ஏப்ரல் வருவதாக
எந்தச் சீவலிலும் நான் பார்த்ததில்லை.

கல்லாவில் அவர் மனைவி ஹில்க்கா.
இறந்து பதினோரு நாள்; வேலைக்கு வந்துவிட்டாள்.
பாலை எடுத்துக் காட்டினாள் கருவியிடம், ரொட்டியை, மீனை.
"வெண்ணெய் நிறுத்தி ஏழு வருஷம்.
ரத்தப் பரிசோதனை எண் எல்லாம் சரின்னு
டாக்டரே கைகுலுக்கினார்."
நான் பையைப் பிரித்தேன்.
"கடைவாய்ப் பல் ஒண்ணு,
வீங்கும், வத்தும், திரும்ப வீங்கும்.
பிடுங்கிக்கப் பயம் அவருக்கு.
மரத்தையே வேரோட பெயர்க்கிற மனுஷன்.
அதுவா?"

தெரியவில்லை.
யார் பற்றவைத்தது என்று
கண்ணாடித் துண்டில் எழுதியிருப்பதில்லை.
தெரிந்தாலும் நான் சொல்லக் கூடாது;
வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டது.

பின்னால் வரிசை நீண்டது.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அறுத்தது நீதானா?"
"சீவியது நான்."
"எவ்வளவு கனம்?"
"மூன்று மைக்ரான்."

விலை கேட்டுக்கொண்டவள்போல் தலையசைத்தாள்.
"பதினோரு யூரோ நாற்பது," என்றாள்.
ரசீதை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.